தூக்கி எறிவதா, கழற்றிச் சீர்ப்படுத்துவதா?



இந்த மாதம் கலாத்தியர் 6-ஆம் அதிகாரம் முதலாம் வசனத்தைத் தியானிக்கும்படி ஆவியானவர் என்னை ஏவினார். உங்கள் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள். ஒரு விசுவாசி ஒரு குற்றத்தில் அகப்பட்டுவிட்டால், ஆவிக்குரியவர்கள் அவனை என்ன செய்யவேண்டும் என்று பவுல் அங்கே எழுதுகிறார். நம்முடைய வேதத்தில் சீர்பொருந்தப்பண்ணுதல் என்று போட்டிருக்கிறதே, அதற்கு மூலபாஷையில் கட்டார்டிசோ என்று ஒரு வார்த்தை. இதே வார்த்தை மத்தேயு 4:21-லும் வருகிறது. அங்கே யாக்கோபும் யோவானும் தகப்பனோடு படகில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பாருங்கள், கிழிந்துபோன வலையை மீனவன் குப்பையில் வீசுகிறதில்லை. கிழிந்தபடியே கடலில் இறக்குகிறதும் இல்லை. மடியில் போட்டு, கண்ணி கண்ணியாகப் பார்த்து முடிச்சுப் போடுகிறான்.

நம்ம தென்காசியில் கடலும் இல்லை, வலையும் இல்லை. ஆனால் பட்டறை இருக்கிறது! நம்முடைய சபைச் சகோதரர் ஒருவருடைய பட்டறையில் போன சாரல் நேரத்தில் நான் கண்ணால் கண்ட காரியத்தைச் சொல்லுகிறேன்.

கொல்லம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் குடும்பத்தோடு குற்றாலத்துக்கு வந்திருந்தார். வந்த வண்டி ஒரு பழைய வோக்ஸ்வாகன் வேன். உள்ளேயே படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் உண்டு. 1950-ல் ஜெர்மனியில் ஆரம்பித்த இந்த வேன் பிரேசில் தேசத்தில் 2013 வரைக்கும் தயாராகிக்கொண்டிருந்தது. பழைய மாடலுக்கு இன்ஜின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒரு காற்றாடி அடிக்கிற காற்றில்தான் இன்ஜின் குளிரவேண்டும். நம்ம ஊரில் ஓடின பழைய பெட்ரோல் ஆட்டோவுக்கும் அதே முறைதான். புல்லட்டுக்குக் காற்றாடிகூட இல்லை, ஓட்டத்தில் வருகிற காற்றுதான்.

தென்மலை தாண்டினதிலிருந்தே வண்டி மிஸ்ஸிங். ஆரியங்காவு வரை இழுத்துப் பிடித்து ஏறி, புளியரைக்கு இறங்கி, குற்றாலத்தில் சீசன் கூட்டத்துக்குள் மாட்டினபோது நின்று நின்று போயிருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் அணைந்துபோகும். (சில விசுவாசிகளும் இப்படித்தான். கன்வென்ஷன் மேடை மிதிக்கும்வரை சத்தம் இருக்கும்!) பெரியவருடைய மகன் ரொம்ப அவசரப்பட்டான். “இந்தக் கார்பரேட்டரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வரவச்சு மாட்டிருங்க” என்றான்.

நம்ம சகோதரர் சொன்னார்: “தம்பி, விலை குறைவா வர்ற புதுசுக்கு நான் உத்தரவாதம் சொல்லமாட்டேன். இது இந்த இன்ஜினுக்குன்னே வந்த சோலெக்ஸ். பாடில விரிசல் இருந்தா நானே வேண்டாம்னுருவேன். மொதல்ல திறந்து பாப்போம்.” பிறகு பெரியவரைப் பார்த்து, “ஐயா, ரெண்டு நாள் குடுங்க” என்று கேட்டார்.

திறந்தார். மிதவை இருக்கிற கிண்ணத்தின் அடியில் தண்ணீர்த் துளிகள், வெள்ளையாய்ப் பொடி. பெட்ரோல் வற்றிப் பிசின் மாதிரி ஜெட்டுகளில் ஒட்டியிருந்தது. வண்டி வருஷம் முழுக்கக் கொட்டகையில் நிற்கிறதாம். 2025-லிருந்து நாடு முழுவதும் பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய காலத்து ரப்பரையும் கெடுக்கும். ஓடுகிற வண்டிக்குப் பெரிய கேடில்லை. ஓடாமல் நிற்கிற பழைய வண்டிக்குத்தான் கேடு. ஊழியம் ஒன்றும் செய்யாமல் வருஷக்கணக்காய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற தேவபிள்ளையே, இது உனக்குக் கேட்கிறதா?

பக்கத்தில் நின்ற பையன் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து ஜெட் ஓட்டையைக் குத்தப் போனான். சகோதரர் கையைத் தட்டிவிட்டார். அந்தப் பித்தளை ஓட்டை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்குப் பார்த்துப் போட்டது. கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் எந்த டியூனிங்குக்கும் அடங்காது. மருந்தில் ஊறவைக்கவேண்டும், காற்றால் ஊதவேண்டும், அவ்வளவுதான். பவுல் சாந்தத்தைப் பற்றி ஏன் எழுதினார் என்று எனக்கு அங்கே வெளிச்சமாயிற்று. விழுந்துபோனவனுடைய உள்ளத்தில் ஏற்கெனவே காயம். நாமோ விசாரிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, எத்தனை கம்பி விட்டுக் குத்துகிறோம்! “எங்க வச்சுக் குடிச்சீங்க? யாரோட குடிச்சீங்க?” இதெல்லாம் தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது?

ஆனால் சாந்தம் என்றால் மேலே துடைத்துவிட்டு மாட்டிவிடுவது என்று எண்ணவேண்டாம். ஆக்சிலேட்டரோடு சேர்ந்து திரும்புகிற ஒரு தண்டு கார்பரேட்டருக்குள் உண்டு. அது தேய்ந்து ஆடினால் பக்கத்து இடைவெளி வழியாகக் கணக்கில்லாத காற்று உள்ளே போகும். வெளியே பளபளவென்று இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் ஓடும்போது அந்த இடத்தில் கிளீனர் ஸ்பிரே அடித்தால் ஓட்டம் மாறும், அப்போது பிடிபடும். ஒரு கிலோ பெட்ரோல் சரியாய் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று அதற்கு மிஞ்சினால் இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகும். தண்ணீர் வண்டி என்றால் ரேடியேட்டரில் ஆவி வந்து காட்டிக்கொடுக்கும். காற்றில் குளிர்கிற வண்டியில் ஆவியும் வராது, ஒன்றும் வராது. வால்வு போனபிறகுதான் தெரியும். அமைதியாய் ஆராதனைக்கு வந்துபோகிற எத்தனையோ பேர் உள்ளே இப்படிக் கொதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தண்டுக்கு லேத்தில் கொடுத்துப் பித்தளைப் புஷ் போட்டார். ஊசி வால்வு, டயாப்ரம், வாஷர் எல்லாம் புதிது. பெட்ரோல் ஓஸையும் முழுசாய் அறுத்து எறிந்தார். இந்த வேன்களில் வெடித்த ஓஸிலிருந்து சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டி, தீப்பிடித்து எரிந்தவை உண்டு. “பாஸ்டர், பித்தளைய வச்சுக்கலாம், ரப்பர மட்டும் பழச வச்சுக்கக்கூடாது” என்றார். மூன்றாம் நாள் ஐந்தருவி ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் சாவியைக் கொடுத்தார்.

இப்போது நான் சொல்லவந்த காரியம். நம்முடைய சபையில் பல வருஷமாகப் பாட்டு நடத்தின சகோதரரைப்பற்றி உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். சீசன் கடை போட்ட இடத்தில் பழைய சிநேகிதர்கள் சேர்ந்தார்கள், குடிக்குள் போய்விட்டார். இப்போது மனஸ்தாபப்பட்டுத் திரும்பியிருக்கிறார். மூப்பர்களில் சிலர் வேறு ஆளைப் போட்டு அவரை முழுவதும் விலக்கிவிடலாம் என்கிறார்கள். வேறு சிலர் அழுதுவிட்டாரே, வருகிற ஞாயிறே மைக்கைக் கொடுக்கலாம் என்கிறார்கள். இரண்டு பேச்சுக்கும் நான் உடன்படவில்லை.

அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பம்பிலியாவில் பாதி வழியில் விட்டுப் போன மாற்குவைப் பவுல் கூட்டிக்கொண்டு போகச் சம்மதிக்கவில்லை. சீலாவைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அதில் பவுலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஊழியம் நிற்கக்கூடாதே. ஆனால் பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் கப்பல்தான் பட்டறை! வருஷங்கள் கழிந்து, சிறையிலிருக்கும் அதே பவுல், மாற்கு எனக்கு உபயோகப்படுவான், அவனைக் கூட்டி வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11). புது இருதயத்தைக் கொடுப்பது எசேக்கியேல் 36-இன்படி தேவனுடைய வேலை. பர்னபா செய்தது மனுஷன் செய்யக்கூடிய வேலை, அதை நாம் செய்யலாம்.

ஆகையால் பாட்டை இப்போதைக்கு வாலிபர்கள் நடத்தட்டும். அந்தச் சகோதரர் இந்த வருஷம் சீசன் கடை போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அது அவருக்குக் கொஞ்ச நஷ்டமல்ல. மூன்று மாத வருமானத்தில்தான் அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு நடக்கிறது. ரப்பரை மாற்றச் சொல்லுகிற நாம் அதற்கான செலவிலும் பங்கெடுக்கவேண்டும். காணிக்கைப் பெட்டியின் பக்கத்தில் தனியாக ஒரு டப்பா வைத்திருக்கிறோம். டவுனில் ஜவுளிக்கடையோ பாத்திரக்கடையோ வைத்திருக்கிற விசுவாசிகள் அவருக்கு ஒரு வேலைக்கு வழி செய்ய முடியுமானால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அவருடைய வீட்டிலேயே ஜெபம் வைத்திருக்கிறோம். அவருடைய மனைவியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் முன்னால் பழைய காரியம் எதையும் யாரும் எடுக்கவேண்டாம். பாட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள்.