பருவமும் பிரயாணமும்

விடுமுறைக்கு எங்கே போவது என்று குடும்பமாக உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கும்போது, பள்ளிக்கூடம் எப்போது மூடுகிறது, அலுவலகத்தில் எத்தனை நாள் லீவு கிடைக்கும், ரயிலில் இடம் இருக்கிறதா என்பவற்றையே நாம் முதலில் பார்க்கிறோம். பிறகு, கிடைத்த நாட்களுக்குள் எத்தனை ஊர்களை அடக்கலாம் என்று கணக்குப் போடுகிறோம். கோயில்களையும் கோட்டைகளையும் காணப் புறப்படுகிறவர்களுக்கு இந்தக் கிரமம் பொருத்தமானதே. சிற்பம் எந்த மாதத்திலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் கடலோரமாகச் சென்று பறவைகளையும் மான்களையும் ஆமைகளையும் கண்டுவர ஆசைப்படுகிறவர்கள், மழையும் காற்றும் எழுதிவைக்கிற வேறொரு பஞ்சாங்கத்தைப் புரட்டியாக வேண்டும். இது வெறும் பிரயாண சௌகரியத்தைப் பற்றிய விஷயம் அன்று; பிற ஜீவராசிகளோடு எந்த முறையில் வாழ நினைக்கிறோம் என்ற பெரிய கேள்வியும் இதற்குள் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சென்னையிலிருந்து கோடியக்கரை வரையில் நீண்டு கிடக்கும் சோழமண்டலக் கரையையே எடுத்துக்கொள்வோம். வண்டலூர் மிருகக்காட்சி சாலை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, சற்று உள்ளே தள்ளி வேடந்தாங்கல் ஏரி, சிதம்பரத்துக்கு அருகே சுரபுன்னைக் காடுகளுக்கிடையே படகில் சென்று காணத்தக்க பிச்சாவரம், கடைசியாக வங்காள விரிகுடா பாக் நீரிணையாகத் திரும்பும் முனையிலுள்ள கோடியக்கரை என்று, ஒரே பிரயாணத்தில் கோத்துவிடக்கூடிய இடங்கள் இவை. ஆனால் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைக்கும் மே மாதத்தில் புறப்பட்டால், வேடந்தாங்கலில் வற்றிய ஏரியையும் வெறுமையான மரங்களையுமே பெரும்பாலும் காண நேரிடும். கோடியக்கரையின் உப்பங்கழிகளிலிருந்தும் குளிர்நாட்டுப் பறவைகள் போய்விட்டிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிறைந்து, பறவைகள் கூடு கட்டிக் குஞ்சுகளை வளர்த்துக்கொண்டிருக்க, பூநாரைகள் உப்பங்கழியில் கூடிநிற்க, பங்குனி ஆமைகள் கரையேறத் தொடங்கும் தை மாதமே இதற்கு உகந்த காலம். பொங்கலை ஒட்டிக் கிடைக்கும் சில நாட்கள், கோடையின் நீண்ட வாரங்களைவிட இந்தக் காரியத்துக்குப் பெரியவை.

மிருகக்காட்சி சாலையை இத்தகைய யாத்திரையில் சேர்க்கத்தான் வேண்டுமா என்று இயற்கையிடம் அன்புள்ள நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. அடைபட்ட பிராணியைப் பார்ப்பதில் அவர்களுக்கு உண்டாகும் வருத்தம் எனக்கும் உண்டு. எனினும் 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் என்பவரால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கப்பெற்று, பின்னர் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகிலிருந்த பூங்காவின் குறுகிய கூண்டுகளில் நெடுங்காலம் நடைபெற்று, 1985-ல் வண்டலூரின் காட்டு நிலத்தில் அகழிகளும் மரங்களும் சூழ்ந்த விசாலமான இடத்தில் திறக்கப்பெற்ற அந்தச் சாலையின் வரலாறே, மனிதன் தன் பார்வையை மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டதன் வரலாறாகவும் எனக்குத் தோன்றுகிறது. அதனால் பிரயாணத்தின் முதல் நாளை வண்டலூருக்கு ஒதுக்குவதே முறை என்பேன். காட்டில் கணநேரம் தோன்றி மறைவதை அடையாளம் கண்டுகொள்ளும் பயிற்சியைக் கண் இங்கேதான் நிதானமாகப் பெறமுடியும். ஆனால் எல்லா அடைப்புகளையும் ஒரே நாளில் சுற்றிவிட வேண்டும் என்ற பதைப்பு கூடாது. சிங்கவால் குரங்குகளின் முன்னே ஒரு மணி நேரம் நின்று, எது எதற்குப் பேன் பார்க்கிறது, எந்தக் குட்டி பயந்தால் எந்த மடிக்கு ஓடுகிறது என்று கவனித்தவனுக்கு, அன்றைக்கு வேறொன்றும் பார்க்கக் கிடைக்காவிட்டாலும் குறையில்லை.

வடநெம்மேலியில் ஒரு காலை வேளை என் மகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இது உயிரோட இருக்கா, இல்லே பொம்மையா?" என்று கேட்டாள். கீழே ஒரு பெரிய முதலை, வாயை அகலத் திறந்தபடி அசைவற்றுக் கிடந்தது. தோலின் வழியே வியர்க்காத அந்தப் பிராணி, உடலின் மிகுந்த வெப்பத்தைத் திறந்த வாயின் வழியே தணித்துக்கொள்கிறது என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற சிலர் அதை அசையவைக்கக் கையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் போகவில்லை, தொண்டைக்குக் கீழே மஞ்சளித்த தோல் மிக லேசாக ஏறித் தாழ்வதைக் கண்டுபிடித்து, "மூச்சு விடுது" என்று இரகசியம்போல் சொன்னாள். தோலுக்காக வேட்டையாடப்பட்டு நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் முதலைகள் அருகிவந்த காலத்தில், 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் முதலியோர் அந்தப் பண்ணையைத் தொடங்கியது, இந்த இனம் பூண்டற்றுப் போகாமல் காப்பதற்காகவே. அதற்காக உழைத்தவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை, கை தட்டாமல் நிற்பதுதான்.

வேடந்தாங்கலில் இந்தப் பாடம் இன்னும் ஆழமாகிறது. அங்கே பறவைகளைக் காத்தவர்கள், காட்சிக்காகக் காத்தவர்கள் அல்லர். ஏரி நீரில் விழும் எச்சம் வயலுக்கு உரமாவதைப் பல தலைமுறைகளாக அறிந்திருந்த குடியானவர்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு பெற்றார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதை இன்றும் ஒரு நியமமாகக் கொண்டிருக்கிறார்கள். மாலையில் இரை தேடப்போன கூட்டங்கள் வரிசை வரிசையாகத் திரும்பும் வேளையில் அங்கே நிற்க வேண்டும். நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்துக் கையாள ஏற்ற அந்த அமைப்பு குஞ்சுக்குக் கிடையாது, வளர வளரவே உண்டாகிறது. தூரதரிசினிக் கண்ணாடி வழியே தாயின் அலகையும் குஞ்சின் அலகையும் ஒரே கிளையில் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, சிருஷ்டியின் பொறுமை நமக்குப் பிரத்தியட்சமாகிறது.

கோடியக்கரையில் புல்வெளியின் விளிம்பில் ஜீப்பை நிறுத்தினால், முறுக்கிய கொம்புகளை உடைய கரிய வெளிமான் கிடா ஒன்று நம்மை ஒரு கணம் நோக்கிவிட்டுத் துள்ளி ஓடலாம்; ஒன்றுமே தென்படாமலும் போகலாம். மிருகக்காட்சி சாலையில் டிக்கெட்டு வாங்கியவனுக்கு ஒரு தரிசனம் உறுதி. இங்கே எந்த உறுதியும் இல்லை. பார்ப்பது நம் உரிமை என்ற எண்ணம் இங்கே கழன்றுபோகிறது. ஆமைகளைத் தேடுகிறவர்களுக்கும் இப்படித்தான். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் தை மாசி இரவுகளில் மைல் கணக்காக மணலில் நடந்து, ஆமை முட்டைகளைத் தேடி எடுத்துக் காப்பிடத்தில் சேர்த்துவருகிறார்கள். அவர்களோடு நான் நடந்த இரவில் ஆமை வரவில்லை. விடியற்காலையில் ஒருவரும் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளவில்லை, மறுநாள் யார் எங்கே தொடங்குவது என்று பேசிக்கொண்டே பிரிந்தார்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கடலின் மேலுள்ள மங்கிய வெளிச்சத்தை நோக்கிப் போகும் சுபாவம் உடையவை. நாம் கரையில் ஏற்றிவைக்கும் விளக்குகள் அவற்றை வழிதவறச் செய்கின்றன. ஆகவே அந்தக் கரையில் அறை எடுத்துத் தங்குகிறவன் இரவில் ஒரு விளக்கை அணைத்துவைப்பதும் பிரயாணத் திட்டத்தில் சேர்ந்த காரியமே.

இவ்வாறு பார்த்தால், நல்ல திட்டம் என்பது பருவத்தை முதலில் நிச்சயித்து, இடங்களைக் குறைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு காலையோ ஒரு மாலையோ எந்த வேலையும் குறிக்காமல் விட்டுவைப்பதாகும். அந்தக் குறிக்காத நேரம்தான் பிற உயிர்களுக்கு நாம் கொடுக்கும் அவகாசம். நம் வேகத்துக்கு உலகமெல்லாம் இசைய வேண்டும் என்று எதிர்பார்த்து வாழ்கிறவனுக்கு, வீட்டில் மெல்லப் பேசும் முதியவரும், சொன்னதையே திரும்பச் சொல்லும் குழந்தையும்கூடத் தடையாகத் தோன்றுவார்கள்; ஒரு நாரையின் வருகைக்காக ஏரிக்கரையில் நின்று பழகியவன், அவர்களுக்காகவும் நிற்கக் கற்றுக்கொள்வான். விடுமுறையிலிருந்து நாம் எதிர்பார்க்கவேண்டிய பலன் இந்தப் பழக்கமே. அதற்காகவேனும் அடுத்த தை மாதத்தை இப்போதே குறித்துவைத்துக்கொள்வது நல்லது.