நேராக வளர்ந்ததன் பெருமை யாருக்கு?

ஒருவரைப் பாராட்ட 'நேர்மையானவர்' என்கிறோம். திட்ட வேண்டுமென்றால் 'கோணல் புத்தி'. இரண்டுமே கோட்டின் வடிவத்திலிருந்து மனிதக் குணத்துக்குப் போன சொற்கள். நேராக இருப்பது நல்லது, வளைந்திருப்பது கெட்டது என்ற தீர்ப்பு மொழியிலேயே ஊறிப்போயிருக்கிறது. வள்ளுவர் மட்டும் இதை அப்படியே ஏற்கவில்லை. அம்பு நேராக இருந்தாலும் கொல்லும், யாழ் வளைந்திருந்தாலும் இனிக்கும் என்று கூடாவொழுக்கம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். எனக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. நேராக இருப்பவர் எப்படி நேரானார்? அந்தப் பெருமை முழுக்க அவருடையதுதானா?

இதை யோசிக்க ஒரு மரம் உதவுகிறது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் வளரும் வெள்ளை பைன். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்கு அதுதான் பாய்மரம். 1691இல் மாசசூசெட்ஸுக்குக் கொடுத்த சாசனத்திலேயே, தனியாருக்குத் தராத நிலத்தில் 24 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள மரங்களெல்லாம் அரசருக்கு என்று எழுதிவைத்தார்கள். கோடரியால் அம்புக்குறி வெட்டி அடையாளம் வைப்பார்கள். 1772இல் நியூ ஹாம்ப்ஷயரில் இதுபோன்ற சட்டத்தை எதிர்த்துக் கலவரமே நடந்தது. நேரான தண்டுக்கு அவ்வளவு கிராக்கி.

அந்த மரங்கள் வளர்ந்தது பழைய காட்டுக்குள். தண்டின் மேல் ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் பட்டால், ஆக்சின் என்ற ஹார்மோன் நிழல் பக்கம் சேரும். அந்தப் பக்கச் செல்கள் கூடுதலாக நீளும், தண்டு வெளிச்சத்தை நோக்கி வளையும். அடர்ந்த காட்டில் வெளிச்சம் பெரும்பாலும் தலைக்கு மேலிருந்துதான் வருகிறது. பக்கவாட்டில் வளையக் காரணம் இல்லை. கீழ்க்கிளைகள் நிழலில் காய்ந்துபோக, நெடிய தண்டு மிஞ்சும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பல விவசாயிகள் நிலத்தைக் கைவிட்டு நகரங்களுக்கும் மேற்கேயும் போனார்கள். அந்த வயல்களில் வெள்ளை பைன் தானாக முளைத்தது. தடையே இல்லாத முழு வெயில். அப்படின்னா அருமையாக வளர்ந்திருக்கணும் இல்லையா? வேகமாகத்தான் வளர்ந்தன. ஆனால் ஏராளமான மரங்கள் கோணலாகின.

காரணம் ஒரு கூன்வண்டு. வெயிலில் கொழுத்த நுனித்தண்டுதான் அதற்குப் பிடிக்கும். வசந்தத்தில் அங்கே முட்டையிடும். புழுக்கள் பட்டைக்குள் தின்றுகொண்டே கீழிறங்கும், நுனி வாடிச் செத்துவிடும். மரம் பெரும்பாலும் சாவதில்லை. பக்கக்கிளை ஒன்று மெல்ல நிமிர்ந்து நுனியின் இடத்தைப் பிடிக்கும். ஆனால் அந்த இடத்தில் ஒரு வளைவு தங்கிவிடும். பாதி நிழலில் வளரும் கன்றின் நுனி மெல்லியது. வண்டு அதை அவ்வளவாக நாடுவதில்லை. முழு வெயிலில் சுமார் 45 சதவீதம் கிடைத்தாலே வெள்ளை பைன் உயரத்தில் முழு வேகத்தை எட்டிவிடும் என்பதால், நிழலால் பெரிய நஷ்டமும் இல்லை.

விதையின் பங்கு கொஞ்சம் உண்டுதான். ஆனால் பெரிய வித்தியாசம், அது எங்கே விழுந்தது என்பதில் இருக்கிறது.

இதைவிட என்னை உறுத்துவது மரத்துக்கு உள்ளே நடப்பது. சாய்ந்த தண்டோ கிளையோ நிமிரும்போது, பைன் மரம் சாய்வின் அடிப்பக்கத்தில் தனிவகைக் கட்டை ஒன்றை உருவாக்கும். கம்ப்ரெஷன் வுட் என்பார்கள். செந்நிறமாக, கனமாக, லிக்னின் அதிகமாக இருக்கும். அடியிலிருந்து தள்ளித் தள்ளி நிமிர்த்துவது அதுதான். மரம் அறுக்கும் மில்லில் அதன் பெயர் குறை. காயும்போது நீளவாக்கில் அதிகம் சுருங்கும், பலகை முறுக்கிக்கொள்ளும். யோசித்துப் பாருங்க: நிமிர்வதற்காக மரம் எதைச் செய்ததோ, அதையே காரணம் காட்டி விலையைக் குறைக்கிறோம். நிமிர வேண்டிய தேவையே வராத மரத்துக்கு முதல் தரம்.

என் துறையில் இன்டர்வியூ எடுக்கும்போது இதுதான் நடக்கிறது. ஒரு ரெஸ்யூமே பள்ளி, கல்லூரி, வேலை என்று ஒரே கோடாகப் போகும். இன்னொன்றில் நடுவே மூன்று வருடம் காணாமல் போயிருக்கும். "இந்த கேப் ஏன்?" என்று இரண்டாமவரிடம் கேட்போம். அப்பா படுக்கையில் விழுந்திருப்பார், அவர் ஜெராக்ஸ் கடையில் நின்றிருப்பார். "உங்களுக்கு கேப் விழாம யார் பார்த்துக்கிட்டாங்க?" என்று முதலாமவரிடம் யாரும் கேட்பதில்லை. இரண்டாமவரின் பேச்சில் கொஞ்சம் கடுமையும், எதையும் சட்டென்று நம்பாத சுபாவமும் இருந்தால், 'ஆட்டிட்யூட் சரியில்லை' என்று குறிப்பெழுதுவோம். அவரை நிமிர்த்திய கட்டை அதுவாகவே இருக்கலாம்.

அப்படியானால் யாருக்கும் பொறுப்பே இல்லையா, லஞ்சம் வாங்கியவரும் வெயிலைக் காரணம் சொல்லலாமா என்று கேட்கலாம். சொல்ல முடியாது. மரத்துக்கு இல்லாத தேர்வு நமக்கு இருக்கிறது, தவறு தவறுதான். நான் குறைக்கச் சொல்வது பெருமையை. சபலத்துக்கு வாய்ப்பே வராதவரின் நேர்மையும், வீட்டில் அரிசி இல்லாத நாளில் கவரைத் திருப்பிக் கொடுத்தவரின் நேர்மையும் வெளியிலிருந்து ஒரே கோடாகத் தெரியும். உள்ளே இரண்டும் வேறு கட்டை.

பெருமை குறைகிற இடத்தில் ஒரு வேலை வந்து சேர்கிறது. வெள்ளை பைன் வளர்க்கும் வனத்துறையினர் இளங்கன்றுகளுக்கு மேலே பெரிய மரங்களைக் கொஞ்ச காலம் விட்டுவைப்பார்கள். அடித்தண்டில் ஒரு முழு மரத்துண்டின் நீளம், அதாவது சுமார் 16 அடி, நேராக வளர்ந்த பிறகு மேலே உள்ளவற்றை வெட்டி வெளிச்சம் விடுவார்கள். சீக்கிரம் வெட்டினால் வண்டு வரும். வெட்டாமலே விட்டால் கன்று ஒல்லியாகித் தேங்கிப்போகும். பெற்றோருக்கும், ஆசிரியருக்கும், டீமில் புதிதாகச் சேர்ந்தவருக்கு சீனியராக இருப்பவருக்கும் உள்ள கஷ்டமான கணக்கு இதுதான்: எவ்வளவு நாள் மறைத்து நிற்பது, எப்போது விலகுவது. நமக்காக யாரோ இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். அது யார் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அடுத்தவருக்கு நாம் போட வேண்டிய நாளில் உதவும்.