ததீசியிடமும் கேட்டார்கள்

‘நான் இந்த உடல் அல்ல’ என்பது வேதாந்தத்தின் அடிப்படைப் பாடம். அப்படியானால், என் உடலிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டு, ஆய்வகக் கிண்ணத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் புற்றுக்கட்டி யாருடையது?

இது கற்பனைக் கேள்வி அல்ல. 2009-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுக்குழு, சுண்டெலியின் குடலிலிருந்து எடுத்த ஒரே மூல உயிரணுவைக் கொண்டு, குடலை ஒத்த நுண்ணுருவை வளர்த்துக் காட்டியது. இதற்கு ‘ஆர்கனாய்டு’ என்று பெயர். நோயாளியின் புற்றுக்கட்டியையும் இவ்வாறே வளர்க்க இயலும். 2018-இல் அந்நாட்டுப் புற்றுநோய் ஆய்வாளர்கள், பெருங்குடல், நுரையீரல் புற்றுநோயாளிகளின் கட்டிகளை வளர்த்து, அவரவர் இரத்தத்தின் வெள்ளையணுக்களோடு சேர்த்து வைத்தனர். சிலருடைய வெள்ளையணுக்கள் கட்டியை இனங்கண்டு அழிக்கத் தொடங்கின. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சை எல்லோருக்கும் பலன் தருவதில்லை. யாருக்குப் பலன் தரும் என்பதை, நோயாளியை வருத்தாமல் கிண்ணத்திலேயே அறியலாம் என்பதே இவ்வாராய்ச்சி தரும் நம்பிக்கை.

ஆயினும், நோயாளி மறைந்த பின்னரும் அக்கட்டி வளரக்கூடும். பிறருடைய ஆய்வுகளுக்கும் பயன்படக்கூடும். 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் புற்றணுக்கள், அவரறியாமலே ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. அவ்வாண்டே அவர் மறைந்தார். அவ்வணுக்களோ இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. எத்தனையோ உயிர்களைக் காக்கவும் உதவியுள்ளன. அவருடைய குடும்பத்தினருக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகே உண்மை தெரியவந்தது.

‘உடல் நானல்ல எனும்போது அனுமதி எதற்கு?’ என்று ஒருவர் வாதிடலாம். அது வேதாந்தமாகாது. பற்றின்மை என்பது ஒருவர் தாமே பயிலும் சாதனை. பிறர்மீது சுமத்தும் சட்டமன்று. என் உணவை நான் துறந்தால் அது விரதம். பிறர் உணவை நான் பறித்தால் அது களவு.

விருத்திராசுரனை வெல்லும் வஜ்ராயுதத்திற்கு ததீசி முனிவரின் எலும்பு தேவைப்பட்டது. தேவர்கள் அதைக் கவர்ந்து செல்லவில்லை. அவர்முன் நின்று யாசித்தார்கள். உலக நன்மைக்காகத்தான் என்றாலும் யாசித்தார்கள். அவரும் மனமுவந்து உடலை நீத்தார். உடலை ‘நான்’ என்று எண்ணாத ஞானியிடமே கேட்க வேண்டியிருந்தது. அவ்வாறெனில், அச்சத்தோடு படுக்கையில் கிடக்கும் எளிய நோயாளியிடம், அவருக்குப் புரியும் மொழியில், எவ்வளவு பொறுமையாகக் கேட்க வேண்டும்! அவசரமாகப் பெறும் கையொப்பம் அந்தக் கேள்விக்கு ஈடாகாது.

கேளாமல் எடுத்தால் அது வெறும் சதைத் துணுக்கு. கேட்டு, அவர் உவந்து அளித்தால், அவரை வாட்டிய நோயே பிறருக்கு அவர் செய்யும் தானமாகிவிடுகிறது. அந்த வாய்ப்பை நோயாளியிடமிருந்து பறிக்காதிருப்பதே மருத்துவரின் தர்மம்.