மன ஆறுதல் தரும் நந்தவனம்



எல்லாம் வல்ல இறைவனின் திருவருளை வேண்டி, நந்தவனத்தின் பயன் குறித்துச் சில கருத்துக்களைச் சொல்ல விழைகின்றேன்.

சுற்றிலும் பச்சை மலைகள் சூழ்ந்த ஊவா மண்ணில் வாழும் நமக்கு நந்தவனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம்மைச் சூழ்ந்திருப்பது வேலைப் பச்சை. அது நம் பெண்களிடம் நாள்தோறும் கிலோக் கணக்குக் கேட்கும். லயத்துக்குத் திரும்பினாலும் தனியே அமர இடமில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்ணுக்குள் புதையுண்டதை அறிந்தோருக்கு, அடைமழை இரவுகளில் உறக்கம் வருவதில்லை. இவ்வாறு களைத்த மனத்திற்கு, எதையும் கேளாத ஒரு பசுமை தேவை.

திருப்புகலூர் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலர்களையும் பறித்து, மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்தினார் எனப் பெரியபுராணம் கூறும். நந்தவனம் அமைக்க இதுவே நல்ல வழிகாட்டி. மரம் நிழல் தரும். கொடி வேலியாகி வீதியை மறைக்கும். நீர்த்தொட்டியில் தாமரையும், நுளம்பு பெருகாதிருக்கச் சிறு மீன்களும் விடலாம். நிலத்தில் செவ்வந்தியும் துளசியும் வளரட்டும். முதியோர் நடக்க மேடுபள்ளமற்ற பாதையும், நிழலில் இரண்டு கல்லாசனங்களும் போதும்.

அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சத்திரசிகிச்சைக்குப் பின், யன்னல் வழியே மரங்களைக் கண்ட நோயாளர், செங்கற் சுவரைக் கண்டோரிலும் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இதனால் வைத்தியரை நாட வேண்டாம் என்பது பொருளல்ல. மருந்துக்கு இது துணை.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. சீதாப்பிராட்டி இருந்த அசோகவனம், நுவரெலியா வீதியிலுள்ள நமது ஹக்கலைப் பகுதியே என்பது மக்கள் நம்பிக்கை. அவ்வனத்தின் அழகு அன்னையின் துயரைத் தீர்க்கவில்லை. அனுமன் வந்து ஆறுதல் மொழி கூறிய பின்பே அவர் உயிர் தரித்தார். எனவே, நந்தவனத்தில் ஒருவர் கலங்கி அமர்ந்திருக்கக் கண்டால், அருகே அமர்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இன்று பல ஆலய வளவுகள் முழுவதும் சீமெந்து பூசப்படுகின்றன. மண்டபமும் தேவைதான், எனினும் ஒரு மூலை மண்ணை மண்ணாகவே விடுவோம். சூலை நோயின் வேதனையை அறிந்த அப்பர் சுவாமிகள், அது நீங்கியபின் கையில் ஏந்தியது உழவாரம். நாமும் கிழமைக்கு ஒரு மணி நேரம் அத்தொண்டு செய்வோம். பூ இறைவனுக்கு, நிழல் அடியாருக்கு.

அனைவருக்கும் மன அமைதி கிட்டத் திருவருள் துணை நிற்பதாக.