எழுத்தா, கருத்தா?



சட்டத்தின் சொல் ஒருபுறம். அச்சட்டம் எவர் பொருட்டு இயற்றப்பட்டதோ அவர்தம் உயிர் மறுபுறம். இவ்விரண்டும் எதிரெதிரே நிற்பின் நீதி எப்பக்கம் சாய்தல் வேண்டும்? அமெரிக்க நாட்டில் 2015-ஆம் ஆண்டில் இவ்வினா மெய்யாகவே எழுந்தது.

அதிபர் ஒபாமா 2010-இல் கையொப்பமிட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் மூன்று கால்களில் நின்றது. நோயுற்றவரைக் கம்பெனிகள் ஒதுக்கலாகாது. யாவரும் காப்பீடு பெறுதல் வேண்டும், இன்றேல் தண்டத்தொகை என்பது அன்றைய விதி. வருவாய் குறைந்தோர்க்கு அரசு மானியம் அளிக்கும். ஆனால் மானியத்தைப் பற்றிய பகுதியில், 'மாநிலம் அமைத்த சந்தை' என்று எழுதப்பட்டிருந்தது. 34 மாநிலங்களிலோ மத்திய அரசின் சந்தையே நடைபெற்றது. ஆகவே அங்கு மானியம் செல்லாது என வர்ஜீனியாவைச் சேர்ந்த நால்வர் வழக்காடினர். மானியம் நீங்கினால், செலவு மிகுதி என்னும் காரணத்தால் காப்பீடு வாங்கும் கடமையினின்று அவர்கள் விடுபடுவர்.

கட்டாயத்தை வெறுத்தல் குற்றமன்று. எனினும் அவர்கள் வென்றிருந்தால் விளைவு யாது? ஏறத்தாழ 64 இலட்சம் மக்கள் மானியம் இழந்திருப்பர். உடல்நலம் உடையோர் முதலில் விலகுவர், நோயாளிகளே எஞ்சுவர், பிரீமியம் உயரும், உயரவே மேலும் பலர் விலகுவர். மானியம் பெறாதவனும் இச்சுழலில் அகப்படுவான். இது வெறும் அச்சமன்று. வாஷிங்டன் மாநிலம் 1990-களில், நோயாளியை மறுக்கலாகாதென விதித்துவிட்டு, யாவரும் சேரவேண்டுமென விதிக்கவில்லை. கம்பெனிகள் தனிநபர் காப்பீட்டு வியாபாரத்தையே விட்டகன்றன.

ஜூன் 25-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு, அறுவர்க்கு மூவர் என்னும் கணக்கில் மானியத்தை நிலைநிறுத்தியது. காப்பீட்டுச் சந்தையைச் சீராக்க வந்த சட்டத்தை அதனை அழிக்கும் வகையில் பொருள் கொள்ளலாகாது என்பது தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கருத்து. எழுதிய சொல்லுக்கு எழுதிய பொருளே உண்டு, பிழை திருத்துவது சட்டமன்றத்தின் வேலை என்று நீதிபதி ஸ்கலியா மறுத்தார்.

அம்மறுப்பை இகழ்தல் கூடாது. இன்று எளியோர்க்கு இரங்கிச் சொல்லை வளைக்கும் கை, நாளை வலியோர்க்காகவும் வளைக்கக்கூடும் அன்றோ? ஆயினும் ஒரு சொல்லின் பொருள் அச்சொல்லில் மட்டும் இல்லை. சட்டம் முழுவதிலும் உள்ளது. ஓர் இழையைத் தனியே உருவிப் பார்ப்பவன் ஆடையைக் கண்டவன் ஆகான்.

ஆதலின் நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. எளியோரின் உரிமையை எழுதுவோர் ஐயத்துக்கு இடமின்றி எழுதுக. தன் சுமையை இறக்க விரும்புவோன், அஃது எவர் தலைமேல் விழும் என்று முன்னரே நோக்குக.