உடலுக்கு உரியது எது?

பொருள்களின் சேர்க்கையை இந்தியத் தத்துவ மரபினரான நியாய வைசேடிகர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். தனித்தனியே இருக்கக்கூடியவை வந்து கூடுவது சம்யோகம். நூலும் துணியும் போல, பிரித்தால் ஒன்று இல்லாமலே போய்விடுவது சமவாயம். செயற்கை இடுப்பு மூட்டின் டைட்டானியத் தண்டு உடலோடு சேர்ந்திருப்பது எந்த வகை? சம்யோகம் என்று சட்டெனச் சொல்லத் தோன்றும். ஆனால் 1980களிலிருந்து அந்தத் தண்டின்மேல் பூசப்பட்டுவரும் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற பீங்கானைக் கவனித்தால் இந்தப் பிரிவினையே போதாது என்று தெரிகிறது.

எலும்பின் கனிமமும் ஏறத்தாழ அதே கால்சியம் பாஸ்பேட் என்பதால், எலும்பு பூச்சை ஏற்று அதன்மேல் வளர்கிறது. தகராறு மறுபுறத்தில், பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவில். பிளாஸ்மாச் சுடரில் உருகிப் படியும் பீங்கான் குளிரும்போது டைட்டானியத்தைவிட அதிகமாகச் சுருங்கும். அந்த இழுவிசையில் பூச்சு வெடிக்கலாம், உரியலாம். உலோகத்தைச் சொரசொரப்பாக்கிப் பிடிமானம் தருவது ஒரு வழி. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தடாஷி கொகுபோவின் குழு 1990களில் வேறு வழி கண்டது: டைட்டானியத்தைச் சோடியம் ஹைட்ராக்ஸைடில் ஊறவைத்துச் சூடாக்கினால், உடல் திரவத்திலிருந்து அபடைட் தானே அதன்மேல் படிகிறது. உலோகம் படிப்படியாகப் பீங்கானாக மாறுவதால் உரிவதற்கான கூர்மையான எல்லை அங்கே இல்லை. எலும்புப் பக்கத்திலும் எல்லை நிலையாக நிற்பதில்லை. நன்கு படிகமான பூச்சு மெதுவாகக் கரைந்து நீண்ட நாள் நிற்கும். படிகமாகாத பகுதி விரைவில் கரைந்து எலும்பு வளரத் தாது தரும், அது மிகுந்தால் பூச்சு பிடிப்பையே இழக்கும். ஆகவே, உடலுக்கு உரியதாவது என்பது உடலின் கொடுக்கல் வாங்கலில் அளவோடு பங்கேற்பது என்றே கருதுகிறேன். பிறப்பிடமோ பிடிப்பின் வலிமையோ அதைத் தீர்மானிப்பதில்லை.

‘என்னுடையது’ என்பதை உணர்வுதானே தீர்மானிக்கிறது என்று கேட்கலாம். ஆனால் ஒருவரின் உணர்விழந்த காலும் அவருடைய கால்தான். அதில் இரத்தம் ஓடுகிறது, செல்கள் புதுப்பிக்கப்படுகின்றன. பற்சிப்பி இதைவிடக் கடினமான கேள்வி. அதில் உயிருள்ள செல் இல்லை, அது தன்னைப் புதுப்பிப்பதும் இல்லை. ஆனாலும் அதை அந்நியம் என்று யாரும் சொல்வதில்லை. அதுவும் உமிழ்நீரோடு தாதுவைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது என்பதால் என் அளவுகோல் அங்கும் நிற்கிறது. இதன்படி தண்டின் உள்ளிருக்கும் டைட்டானியம் உடலாகாது. எலும்புச் செல்கள் அரித்தும் கட்டியும் வரும் பூச்சின் வெளிப்புறம் உடலாகிவிட்டது. நடுவில் எங்கே கோடு போடுவீர்கள் என்று நியாய வைசேடிகர் கேட்டால், கொகுபோவின் மேற்பரப்பில் கோடு போட இடமில்லை என்பதே என் பதில்.