துருவைத் தடுக்கலாம், தடயத்தை அழிக்கலாமா?

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் படகில் போனால் புறாமலை. 2003இல் தேசியப் பூங்காவான இந்தத் தீவை இலக்காக வைத்துத்தான் ஆங்கிலேயர் ஒருகாலத்தில் சுட்டுப் பழகினர். தெற்கே, திருகோணமலை பிரெட்ரிக் கோட்டையின் பழைய பீரங்கிகள் இன்றும் உப்புக்காற்றில் கிடக்கின்றன. இப்படிப்பட்ட ஆயுதங்களை எந்த அளவுக்குச் செப்பனிடுவது நியாயம்?

துரு தானாக நிற்காது. உப்பிலுள்ள குளோரைடு இரும்புக்குள் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். கடலடியில் எடுத்த வார்ப்பிரும்பை வெறுமனே உலரவிட்டால் தோல்தோலாக உரிந்துவிடும். காரக் கரைசலில் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் ஊறவைத்து உப்பை வெளியேற்றி, பிறகு மெழுகு பூச வேண்டும். இந்த அளவுக்குச் செய்வது கடமை. காலம் தின்னட்டும் என்று விடுவது பொறுப்பின்மை.

தகராறு அடுத்த படியில்தான் தொடங்குகிறது. மணலை வீசித் தேய்த்தால் துருவோடு மேல்தோலும் போய்விடும். பிரித்தானியப் பீரங்கிகளில் அரச முத்திரையும், அந்தர் கணக்கில் மூன்று எண்களாக வெட்டிய எடையும் இருக்கும். ஒல்லாந்தருடையவற்றில் அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனி முத்திரை. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் கைக்கும் ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறிய ஊர் திருகோணமலை. எந்தப் பீரங்கி யாருடையது என்பதற்கு, விரலில் தட்டுப்படும் அந்த மெல்லிய வெட்டுகள்தான் சாட்சி. ஆண்டுதோறும் தடிப்பாகப் பூசும் கறுப்பு மையும் அவற்றை மூடிவிடும்.

பழைய ஆயுதங்களை இயங்கும் நிலைக்குக் கொண்டுவர விரும்பும் சேகரிப்பாளர் பக்கமும் நியாயம் உண்டு. துப்பாக்கி ஓர் இயந்திரம். விசை இறுகிப்போன இரும்புக்கட்டியைப் பார்த்து, செய்தவனின் கைத்திறனை எப்படி அறிவது? உளுத்த மரவண்டிக்குப் பதில் புதியதைச் செய்யலாம். அது புதியது என்பது தெரிய வேண்டும், கழற்றவும் முடிய வேண்டும். அழிந்த எழுத்தை ஊகத்தில் மறுபடி வெட்டிப் பழையதென்று காட்டுவது பொய். மீண்டும் சுடவைப்பது அதைவிடப் பெரிய தவறு. இருபத்தாறு ஆண்டுப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணில் வெடிக்கும் துப்பாக்கி அலங்காரப் பொருளாக முடியாது.

1765இல் கண்டியில் ஒல்லாந்தர் கொள்ளையிட்ட லெவ்கே பீரங்கி, 2023 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொழும்புக்குத் திரும்பியது. கண்டி அரசின் சூரியனும் சந்திரனும் சிங்கமும் அதன் உடலில் இன்னும் நிற்கின்றன. யாராவது தேய்த்து மழுப்பியிருந்தால் அது யார் வீட்டுப் பொருளென்று எது சொல்லியிருக்கும்?

போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களால் எழுந்த கோட்டை பிரெட்ரிக். அதன் வாசற்கல்லில் இணைக்கயல் சின்னம் இன்றும் இருக்கிறது. அதைச் சுரண்டிப் பளபளப்பாக்க யாரும் கேட்பதில்லை. பீரங்கிக்கும் அந்த மரியாதை வேண்டும். கம்பித் தூரிகையைக் கையில் எடுப்பவர்கள், முதலில் அதன் எழுத்துகளைப் படமெடுத்து, தாளில் ஒற்றி வையுங்கள்.